மார்பகப் பெருக்க அறுவை சிகிச்சை: முதல் நாள் கணக்கும் இருபதாம் வருடக் கணக்கும்

போன வருடம் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். சென்னையில் ஐடி வேலை, இருபத்தைந்து வயது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அக்கா கண்ணயர்ந்ததும், "சித்தி, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தாள். மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷனுக்காக ஒரு கிளினிக்கில் விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். ஒன்றிரண்டு மணி நேர வேலை, மறுநாள் வீட்டுக்குப் போகலாம், பணத்தைத் தவணையில் கட்டலாம், மார்புக்குள் வைக்கும் இம்ப்ளான்ட் பைக்கு ஆயுள் முழுக்க வாரன்டி. தேதிகூடக் குறித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த 'ஆயுள் முழுக்க வாரன்டி'தான் என் காதில் நின்றது. வாரன்டி இருப்பது பொய்யில்லை. பை கிழிந்தால் கம்பெனி புதுப் பை கொடுக்கும். ஆனால் அதை உள்ளே வைக்க மறுபடி மயக்க மருந்து, மறுபடி தையல், மறுபடி படுக்கை. மிக்ஸி பழுதானால் மிக்ஸியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம். இங்கே மேஜையில் ஏறிப் படுக்க வேண்டியது நாம்.

இதைச் செய்வது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பல்லுக்குக் கம்பி கட்டிக்கொள்கிறோம், தலைக்குச் சாயம் அடிக்கிறோம், யாரும் காரணம் கேட்பதில்லை. என் கவலை வேறு. அவளிடம் பேசியதெல்லாம் ஆபரேஷன் நாளைப் பற்றித்தான். அதற்கு அப்புறம் வரும் பதினைந்து, இருபது வருடங்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் டாக்டர் இல்லை. பல வருடமாக உடல்நலப் பக்கங்களுக்கு எழுதுகிறவள். அந்த இரண்டு நாளும் அவளோடு உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளே போவது என்ன?

மார்பகத்தில் தசை கிடையாது. பால் சுரப்பி, கொழுப்பு, இரண்டையும் தாங்கிப் பிடிக்கும் நார்த்திசு, அவ்வளவுதான். அதனால் எந்த உடற்பயிற்சியும் அதைப் பெரிதாக்காது. பின்னால் இருக்கும் நெஞ்சுத் தசை வேண்டுமானால் கொஞ்சம் திரளும். களிம்பு, மாத்திரை, உறிஞ்சும் பம்ப் எல்லாம் காசுக்குப் பிடித்த கேடு.

அறுவை சிகிச்சையில் மார்பகத்தின் அடிமடிப்பிலோ, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்திலோ, அக்குளிலோ சில சென்டிமீட்டர் கீறுகிறார்கள். சுரப்பிக்குப் பின்னால் அல்லது நெஞ்சுத் தசைக்குப் பின்னால் ஓர் இடத்தைப் பிரித்து, அதில் பையை வைத்துத் தைக்கிறார்கள். பையின் ஓடு எப்போதும் சிலிக்கோன் ரப்பர்தான். உள்ளே சிலிக்கோன் ஜெல் இருக்கலாம், அல்லது உப்புநீர் இருக்கலாம். இப்போதைய ஜெல் பழைய காலத்துப் பிசின் மாதிரி ஓடாது. ஜெல்லி மிட்டாயை வெட்டினால் எப்படி அப்படியே நிற்குமோ அப்படி நிற்கும். நம் ஊரில் பெரும்பாலும் இந்த வகைதான் வைக்கிறார்கள்.

இன்னொன்று. நம் பத்திரிகைகள் பலதிலும் 'சிலிக்கான்' என்று அச்சாகிறது. சிலிக்கான் என்பது கம்ப்யூட்டர் சில்லுக்குள் இருக்கும் தனிமம். மார்பில் வைப்பது சிலிக்கோன், அந்தத் தனிமத்தோடு ஆக்சிஜனும் வேறு சிலவும் சேர்த்துச் செய்த ரப்பர் போன்ற பொருள். டாக்டரிடம் பேசும்போது குழப்பம் வராது, ஆனால் இணையத்தில் தேடினால் வரும்.

இந்தப் பை முதன்முதலில் மனித உடலுக்குள் போனது 1962-ல், அமெரிக்காவின் ஹூஸ்டனில். தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு டாக்டர்கள் வைத்தார்கள். வைத்துக்கொண்டவர் டிம்மி ஜீன் லிண்ட்சி. ஆறு பிள்ளைகளின் தாய். அவர் மருத்துவமனைக்கு வந்ததே மார்பில் குத்தியிருந்த பச்சையை எடுப்பதற்கு. மார்பைப் பற்றி அவருக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. காது விடைத்துக்கொண்டிருக்கிறதே என்பதுதான் குறை. காதையும் சரிசெய்து தருகிறோம் என்று சொன்னதால் சம்மதித்தார். பல வருடம் கழித்துப் பேட்டிகளில் அவரே சொன்னது இது. பச்சையை எடுக்க வந்தவர் வேறொன்றோடு வீடு திரும்பிய கதையை அக்கா மகளிடம் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு நிஜமாவே என்ன வேணும்னு முதல்ல யோசிக்கணும், அப்படித்தானே சொல்ல வர்றீங்க?" என்றாள். நான் சொல்ல வரவில்லை, ஆனால் சரி.

அரிசி மூட்டை

அளவை சிசி கணக்கில் சொல்வார்கள். சிசி என்றால் மில்லிலிட்டர்தான். முந்நூறு, முந்நூற்றைம்பது என்றெல்லாம் கிளினிக்கில் காதில் விழும். கேட்கும்போது பெரிதாகவும் தெரியாது, சின்னதாகவும் தெரியாது. நம் ஊர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி. அப்படியானால் 340 சிசி என்பது ஒரு பக்கத்துக்கு இரண்டு ஆழாக்கு.

இதற்கு ஒரு வீட்டு வழி இருக்கிறது, வெளிநாட்டுப் பெண்கள் பல காலமாகச் செய்வது. மெல்லிய கவரில் அந்த அளவு அரிசியைக் கொட்டிக் கட்டி, கொஞ்சம் தளர்வான பிராவுக்குள் வைத்துக்கொண்டு அரைநாள் நடமாடிப் பார்ப்பது. அவளும் செய்தாள். சமையலறையில் பொன்னி அரிசியை அளந்து, முடிச்சுப் போட்டு, என் பழைய குர்தாவை மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறி இறங்கினாள். துணி உலர்த்தினாள். சாயங்காலம் வந்து, "தோள்பட்டை இழுக்குது சித்தி, குனிஞ்சா முன்னாடி போகுது" என்றாள். அரிசியைவிட ஜெல் இன்னும் கொஞ்சம் கனம். இரண்டு பக்கமும் சேர்ந்தால் அரைக் கிலோவுக்கு மேல்.

பெரிய பையைக் கேட்டுக் கட்டாயப்படுத்துவதுதான் பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வேர். நல்ல சர்ஜன் முதலில் நெஞ்சின் அகலத்தை அளப்பார், தோலைக் கிள்ளித் தடிமன் பார்ப்பார், அதற்குத் தாங்கும் அளவைச் சொல்வார். மெல்லிய தோலுக்குள் பெரிய பையைத் திணித்தால் காலப்போக்கில் தோல் இன்னும் மெலியும், பையின் ஓரச் சுருக்கம் வெளியே அலை அலையாகத் தெரியும், கனம் தாங்காமல் பை கீழே இறங்கும். சிலருக்கு இரண்டு பையும் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டு, நடுப்பள்ளமே இல்லாமல் போய்விடும்.

தசைக்கு முன்னா, பின்னா என்பதும் பேசிக்கொள்ள வேண்டியது. ஒல்லியான பெண்களுக்குத் தசைக்குப் பின்னால் வைத்தால் ஓரம் தெரியாது, இறுகும் வாய்ப்பும் குறைவு. ஆனால் வலி அதிகம். கையை அழுத்தி எதையாவது தூக்கும்போது தசை சுருங்கி மார்பு ஓர் ஓரமாக இழுபடும். ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய எரிச்சல்.

உடம்பு கட்டும் சுவர்

காலில் முள் குத்தி உள்ளேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? சில நாளில் அதைச் சுற்றிக் கெட்டியாக ஒரு கட்டு விழும். வெளிப்பொருள் ஒன்று உள்ளே வந்தால், வெளியே தள்ள முடியாதபோது, அதைச் சுற்றி நார்த்திசுவால் ஒரு சுவர் எழுப்பித் தனியாக ஒதுக்கிவிடுவது உடம்பின் வழக்கம். மார்பில் வைத்த பைக்கும் இதேதான் நடக்கும். இது எல்லோருக்கும் நடக்கும், கோளாறு இல்லை. மெல்லிய உறைபோல இருந்தால் தெரியக்கூடத் தெரியாது, பையை அதன் இடத்தில் பிடித்து வைப்பதே அந்த உறைதான்.

சிலருக்கு அந்த உறை தடித்து, சுருங்கி, பையை நெருக்க ஆரம்பிக்கிறது. பழைய ரப்பர் பந்தை இறுக்கிப் பிடித்தால் எப்படி உருண்டையாகவும் கல்லாகவும் ஆகுமோ, அப்படி. டாக்டர்கள் இதை நான்கு படியாகப் பிரிக்கிறார்கள். முதல் படியில் மார்பு இயல்பாக மெத்தென்று இருக்கும். இரண்டாவதில் தொட்டால் கொஞ்சம் கெட்டி, பார்க்க ஒன்றும் தெரியாது. மூன்றாவதில் கெட்டி, வடிவமும் மாறியிருக்கும். நான்காவதில் வலி, சட்டை உரசினாலும், குப்புறப் படுத்தாலும் வலி. மூன்றும் நான்கும் வந்துவிட்டால் பொதுவாக வழி ஒன்றுதான்: திறந்து, உறையை எடுத்து, பையை மாற்றுவது அல்லது எடுத்தே விடுவது. ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரவும் வாய்ப்புண்டு.

ஏன் சிலருக்கு மட்டும்? முழு விடை கிடைக்கவில்லை என்றாலும், நோய் என்று வெளியே தெரியாத அளவுக்குப் பையின் மேல் படலமாக ஒட்டியிருக்கும் தோல் கிருமிகள், உள்ளே கட்டிய ரத்தம், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு வாங்கிய மார்பு, இவையெல்லாம் இறுக்கத்தைக் கூட்டுகின்றன. அதனால்தான் கவனமான சர்ஜன்கள் பையைக் கையால்கூடத் தொடாமல், கேக்கின் மேல் க்ரீம் பிழியும் கூம்புப் பை மாதிரி ஒன்றில் போட்டு உள்ளே வழுக்கிவிடுகிறார்கள். "பையை எப்படி உள்ளே வைப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் பதில் சொல்லும் விதத்திலேயே நிறையத் தெரிந்துவிடும்.

சத்தமில்லாமல் கிழிவது

உப்புநீர்ப் பை கிழிந்தால் உடனே தெரிந்துவிடும். நீர் உடம்பில் கலந்துபோகும், சில நாளில் ஒரு பக்கம் வற்றிப்போகும். பார்க்க மோசம், ஆபத்து குறைவு.

ஜெல் பை அப்படியில்லை. ஓடு கிழிந்தாலும் கெட்டியான ஜெல் அங்கேயே நிற்கும். சுற்றியிருக்கும் உறையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே ஒரு மாற்றமும் இருக்காது. வலி இருக்காது. பல வருடம் கழித்து வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும். எம்ஆர்ஐ படத்தில் கிழிந்த ஓடு மடிந்து மடிந்து ஜெல்லுக்குள் மிதப்பது சேமியா இழை மாதிரித் தெரியும். வெளிநாட்டு டாக்டர்கள் இதற்கு இத்தாலிய நூடுல்ஸ் ஒன்றின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சில சமயம் ஜெல் உறையையும் தாண்டிக் கசிந்து அக்குளில் நெறிகட்டிபோல் நிற்கும்.

இதனால்தான் எஃப்.டி.ஏ. என்கிற அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது: ஜெல் பை வைத்தவர்கள் ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஐந்து ஆறு வருடத்தில் முதல் ஸ்கேன், அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை. அல்ட்ராசவுண்ட் போதும், அல்லது எம்ஆர்ஐ. இருபத்தைந்து வயதில் வைத்துக்கொள்கிறவள் ஐம்பது வயதுக்குள் எத்தனை ஸ்கேன், எவ்வளவு பணம் என்று பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள். கிளினிக் தரும் மதிப்பீட்டுத் தாளில் இந்த வரி இருக்காது.

அதே எஃப்.டி.ஏ. சொன்ன இன்னொரு கணக்கு: அழகுக்காகப் பை வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை எட்டிலிருந்து பத்து வருடத்துக்குள் அதை எடுக்க நேர்கிறது. காரணம் இறுக்கம், கிழிசல், இடம் மாறுவது, அளவு பிடிக்காமல் போவது. எடுத்தால் பழைய மார்பு திரும்பாது என்பதையும் சொல்ல வேண்டும். விரிந்த தோல் தொங்கும், அழுந்திய சுரப்பி மெலிந்திருக்கும். தூக்கித் தைக்க இன்னொரு சிகிச்சை தேவைப்படலாம். ஆக, இது ஒரே ஒரு ஆபரேஷன் இல்லை. முதல் ஆபரேஷன்.

சொரசொரப்பான பையும் ஒரு புற்றுநோயும்

ஓட்டின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கலாம், உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகவும் இருக்கலாம். சொரசொரப்பைக் கொண்டுவந்ததே நல்ல எண்ணத்தில்தான்: துளி வடிவப் பை உள்ளே திரும்பிவிடாமல் திசு பிடித்துக்கொள்ளும், இறுக்கமும் குறையும் என்று. 2011-ல் எஃப்.டி.ஏ. ஒரு சந்தேகத்தை வெளியிட்டது. பை வைத்த பெண்களில் மிகச் சிலருக்கு, பையைச் சுற்றிய உறையில், அபூர்வமான ஒரு வகை லிம்ஃபோமா வருகிறது என்று. இது மார்பகப் புற்றுநோய் இல்லை. நோய் எதிர்ப்பு செல்களில் வரும் புற்றுநோய். வருடங்கள் போகப்போக இது பெரும்பாலும் சொரசொரப்பான பைகளோடு சேர்ந்தே வருவது தெரிந்தது. 2019 ஜூலையில் உலகம் முழுக்க 573 பேருக்கு வந்திருப்பதாகவும், 33 பேர் இறந்திருப்பதாகவும் எஃப்.டி.ஏ. கணக்குச் சொன்னது. அதில் 481 பேர் வைத்திருந்தது அலெர்கன் கம்பெனியின் பை. அந்த மாதமே கம்பெனி தன் பயோசெல் வகைப் பைகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது.

கோடிக்கணக்கில் பெண்கள் பை வைத்திருக்கும் உலகத்தில் 573 சின்ன எண்தான், பதற வேண்டியதில்லை. ஆனால் அறிகுறியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வைத்துப் பல வருடம் ஆனபின், பெரும்பாலும் எட்டு பத்து வருடம் கழித்து, ஒரு பக்கம் திடீரென்று வீங்கி நீர் கோத்துக்கொண்டால், "அடிபட்டிருக்கும்" என்று மாத்திரை போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. அந்த நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்துப் பையையும் உறையையும் முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு குணமாகிவிடுகிறது. புதிதாக வைத்துக்கொள்கிறவர்கள் வழுவழுப்பானதா சொரசொரப்பானதா என்று ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்.

அப்புறம், பை வைத்தபின் அசதி, மூட்டுவலி, முடி கொட்டுதல், மூளை மந்தம் என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் பிடிபடும் நோய் இல்லை இது, பெயர் வைத்து உறுதிசெய்ய வழியும் இல்லை. ஆனால் பையை எடுத்தபின் சிலருக்குக் குறைந்திருக்கிறது. பல டாக்டர்கள் முன்பு இதை 'மனப்பிரமை' என்று ஒதுக்கினார்கள். 2021 முதல் அமெரிக்காவில் பை வைக்கும் முன்பே நோயாளியிடம் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டிய பட்டியலில் இதுவும் வந்துவிட்டது. வீட்டில் யாருக்காவது முடக்குவாதம், லூபஸ் மாதிரி, நோய் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பால், மேமோகிராம், தழும்பு

"குழந்தைக்குப் பால் கொடுக்க முடியுமா?" அக்கா மகள் கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டது இதைத்தான். நிறையப் பேர் கொடுக்கிறார்கள். சிலருக்குப் பால் குறைகிறது. கருவட்டத்தின் ஓரத்தில் கீறினால் பால் குழாய்களும் உணர்ச்சி நரம்பும் அறுபட வாய்ப்பு அதிகம். அடிமடிப்பில் கீறினால் குறைவு. காம்பில் உணர்ச்சி மரத்துப்போவது, அல்லது துணி பட்டாலே கூசுவது, சிலருக்குச் சில மாதத்தில் சரியாகும், சிலருக்கு ஆகாது. பாலில் சிலிக்கோன் கலந்துவிடுமோ என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும்: கர்ப்பமும் பால் கொடுத்தலும் மார்பின் வடிவத்தை எப்படியும் மாற்றும். இரண்டு வருடத்தில் குழந்தை என்று திட்டமிருப்பவர் இப்போது அவசரப்படுவது கோலம் போட்ட பிறகு வாசல் தெளிப்பதுபோல.

எக்ஸ்ரே பையைச் சரியாக ஊடுருவாது. அதனால் மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் எக்ஸ்ரேயான மேமோகிராமில் பைக்குப் பின்னால் இருக்கும் திசு மறைந்துவிடும். பையைப் பின்னால் தள்ளி, திசுவை முன்னால் இழுத்து, கூடுதலாகச் சில படங்கள் எடுப்பார்கள். ஸ்கேன் சென்டரில் முன்கூட்டியே சொல்லாவிட்டால் எடுக்கமாட்டார்கள். கட்டிக்கு ஊசி போட்டுச் சோதிக்கும்போதும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஊசி பையில் இறங்கும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே அதைச் சொல்லி ஒரு முழுப் பரிசோதனை.

தழும்பு விஷயத்தில் நம் தோலுக்குத் தனிக் கணக்கு. மேல்நாட்டுப் படங்களில் கோடுபோல மறைந்துவிடும் தழும்பு, நம்மில் சிலருக்குத் தடித்து, கறுத்து, மேடாக வளரும். நெஞ்சுப் பகுதியில் இந்தக் கெலாய்டு வருவது சகஜம். கண்டுபிடிக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். கண்ணாடி முன் நில்லுங்கள். காது குத்திய இடத்தில் உருண்டை விழுந்திருக்கிறதா? மூக்குக் குத்தியபோது குண்டு வந்ததா? தோளில் அம்மை, பிசிஜி ஊசித் தழும்பு மேடிட்டு அரிக்கிறதா? ஆம் என்றால் டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.

யாரிடம் போவது, யார் பணம்

'காஸ்மெடிக் சர்ஜன்' என்று பலகையில் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் போலிருக்கிறது. பார்க்க வேண்டியது எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மருத்துவக் கவுன்சில் தளத்தில் தட்டிப் பாருங்கள். கோபித்துக்கொள்கிற டாக்டர் என்றால் அதுவே விடை. மயக்க மருந்து கொடுக்கத் தனி நிபுணர் இருக்கிறாரா, சிக்கல் வந்தால் தீவிர சிகிச்சை அதே கட்டடத்தில் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். "கத்தியே வேண்டாம், ஊசியிலேயே முடிச்சிடலாம்" என்று அழகு நிலையத்தில் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மார்பில் ஜெல்லை நேரடியாக ஊசியால் ஏற்றியது பல நாடுகளில் சீழாகவும் கட்டியாகவும் முடிந்தது. அப்படி ஒரு ஜெல்லைச் சீனா 2006-ல் தடையே செய்தது. சொந்தக் கொழுப்பை வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ உறிஞ்சி ஏற்றுவது வேறு, அது ஒழுங்கான சிகிச்சை. பெரிய மாற்றம் வராது, ஏற்றியதில் ஒரு பகுதி கரைந்துபோகும், உள்ளே சின்னச் சின்னக் கட்டிகள் நிற்கலாம். கொஞ்சம் போதும் என்கிறவர்களுக்கு எனக்கு இதுதான் மேல் என்று படுகிறது.

பணம் முழுக்க நம் கையிலிருந்துதான். அழகுக்கான அறுவை சிகிச்சையை மருத்துவக் காப்பீடு ஏற்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைப்பது போன்றவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. மற்ற சிகிச்சைக்கு இல்லாத ஜிஎஸ்டியும் இதற்கு உண்டு, 18 சதவீதம். பத்து வருடம் கழித்துப் பையை மாற்ற நேர்ந்தாலும் இதே கதை.

எல்லாமே அழகு ஆசைதான் என்று எண்ணிவிடவும் கூடாது. ஒரு பக்கம் வளராமலே போன பெண்கள் இருக்கிறார்கள், புற்றுநோயில் இழந்தவர்கள் இருக்கிறார்கள், திருநங்கைகள் இருக்கிறார்கள். 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இத்தகைய மார்பகச் சிகிச்சையை இலவசமாகத் தரத் தொடங்கியபோது, வரிப்பணத்தில் இதுவா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. துப்பட்டாவைப் பத்து ஊசி குத்தி ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போகும் பெண்ணை அவர்கள் பார்த்ததில்லை. ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் திருநங்கைகளுக்கு டாக்டர்கள் பொதுவாகச் சொல்வது, ஒரு வருடமாவது பொறுங்கள் என்பது. அதற்குள் மார்பு தானாக வளர்வதால் பையின் அளவு குறையும், சிலருக்குத் தேவையே இல்லாமல் போகும்.

மனசையும் பார்க்க வேண்டும். கண்ணாடியில் அந்த ஒரு குறையைத் தவிர வேறெதுவும் தெரியாத நிலை, எத்தனை பேர் நன்றாக இருக்கிறாய் என்றாலும் நம்ப முடியாத நிலை, ஒரு நோய். அதற்கு மருந்து மனநல மருத்துவரிடம் இருக்கிறது, சர்ஜனிடம் இல்லை. கணவனோ காதலனோ சொன்னதற்காகச் செய்துகொள்வதும் அப்படித்தான்.

ஆபரேஷன் நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புகைபிடிப்பவர்கள் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆஸ்பிரின் வகை மாத்திரையை டாக்டர் சொன்னபடி. முதல் நாட்களில் ரத்தம் கட்டுவதும் கிருமி தொற்றுவதும்தான் பயம்: ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ராத்திரியானாலும் போன் போட வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, அதனால் பின்னல் போட ஆள் வேண்டும். தண்ணீர்க் கேன், சிலிண்டர், குழந்தை, எதையும் குறைந்தது ஒரு மாதம் தூக்கக் கூடாது. ஸ்கூட்டி வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வலி உயிர் போகும். தனியாக ஹாஸ்டலில் இருக்கிற பெண் யாருக்கும் சொல்லாமல் செய்துகொள்வது நடக்காத காரியம் என்று அவளுக்கு இங்கேதான் புரிந்தது.

அவள் குறித்த தேதியைத் தள்ளி வைத்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. முப்பதுக்கு மேல் பார்க்கிறேன் என்கிறாள்.

போகும்போது ஒரு கடைசிச் சங்கதி சொன்னேன். பிரான்சில் பிஐபி என்று ஒரு கம்பெனி. மருத்துவத் தரச் சிலிக்கோனுக்குப் பதிலாக மலிவான, தொழிற்சாலைத் தரச் சிலிக்கோனை அடைத்து உலகம் முழுக்க விற்றது. 2010-ல் பிடிபட்டது. கம்பெனியை ஆரம்பித்த ஜான் கிளோத் மாஸுக்கு 2013-ல் நான்கு வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. செய்தி வெளியானதும் பல நாட்டுப் பெண்கள் கேட்ட முதல் கேள்வி, "என் உடம்புக்குள் இருப்பது எந்தக் கம்பெனிப் பை?" என்பது. பலரிடம் அதற்குக் காகிதம் இல்லை. சிலருக்கு வைத்த கிளினிக்கே மூடிப்போயிருந்தது.

ஒவ்வொரு பைப் பெட்டியிலும் ஒட்டுச்சீட்டு வரும்: கம்பெனி, மாதிரி, அளவு, வரிசை எண். ஒன்றை மருத்துவமனைக் கோப்பில் ஒட்டுவார்கள், இன்னொன்று ஒட்டிய அட்டையை நமக்குத் தர வேண்டும். வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. டிஸ்சார்ஜ் ஆகும் முன் அதைக் கையில் வாங்கி, போட்டோ எடுத்து, ஆதார் அட்டை வைத்திருக்கும் கவரிலேயே போட்டுவிடச் சொன்னேன். "அம்மா அந்தக் கவரைத்தான் அடிக்கடி எடுப்பாங்க சித்தி" என்றாள்.